வாரத்துக்கு நூறு கிராம்

மார்ச் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

சுண்டெலியின் இரண்டு செருப்பும் இடது கால் செருப்பு. அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். அதனால் நலம் விசாரிப்பதற்கு முன்பே எழுதிவிட்டேன். நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்கள் இருமல் நின்றதா? அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாளா, இல்லை இன்னும் "நாளைக்கு" என்றுதான் சொல்கிறாளா?

செருப்பைப் பற்றி அண்ணனிடம் கேட்டேன். "தெருவுல குமிச்சுப் போட்டு வித்தான். நல்ல நீலம். எடுத்துட்டேன்" என்றான்.

"ரெண்டும் இடது."

"அவ நடக்குறால்ல?"

நடக்கத்தான் செய்கிறாள். ஓடும்போது மட்டும் கொஞ்சம் வட்டமாக ஓடுகிறாள்.

வீடு என்பது மூன்றாவது மாடியில் ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, மறு மூலையில் கட்டில். ஜன்னலுக்கு நேர் கீழே பழைய பேப்பர் கடை. அண்ணி இறந்து வருகிற மாதத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது, அவர் சீப்பு இன்னும் கண்ணாடி முன்னால்தான் இருக்கிறது. அதில்தான் அண்ணன் சுண்டெலிக்குத் தலை வாருகிறான். அதை மட்டும் ஒழுங்காகச் செய்கிறான். சாப்பாடு, பசிக்கும்போது கிடைப்பது. அச்சக வேலைக்கு நேரத்துக்குப் போகிறான் என்கிறான். ஒரு வருஷத்தில் இது நான்காவது வேலை என்பது உங்களுக்கே தெரியும்.

உங்கள் பேத்தி சுண்டெலி நன்றாக இருக்கிறாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். அண்ணன் போனில் பேசச் சொன்னான். அணைப் பக்கம் சிக்னல் இல்லாதது எனக்கு வசதிதான். போனைக் கையில் எடுத்தாலே எனக்கு வாய் ஒட்டிக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்

கீழே கிறுக்கியிருப்பது சுண்டெலி. மீன் என்கிறாள்.


மார்ச் 21
நீர்மட்டம் 61.3 அடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இருமல் போய்விட்டது. முழங்கால் அப்படியே இருக்கிறது, தைலமும் புட்டியில் அப்படியே இருக்கிறது. கடிதத்தின் தலையிலும் நீர்மட்டம் எழுதுகிறேன் என்று உன் அம்மா சிரிக்கிறாள். இருபத்தொன்பது வருஷமாக அணையில் ஒரே அளவுத் தூணைப் பார்த்து ஒரு நாளைக்கு மூன்று தடவை எழுதுகிற கை இது, சும்மா இருக்குமா?

மீன் வந்தது. அம்மா அதை அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டாள். அது மீன் இல்லை, முறம் என்பது என் கட்சி.

அம்மாடி, எனக்கு "நன்றாக இருக்கிறாள்" வேண்டாம். "நன்றாக" என்பது எத்தனை அடி? "கொஞ்சம் இளைத்திருக்கிறாள்" என்பது எத்தனை கிராம்? கீழே பழைய பேப்பர் கடை என்று எழுதியிருக்கிறாய். அங்கே பெரிய தராசு இருக்கும். சனிக்கிழமைதோறும் பிள்ளையை ஏற்றி நிறுத்தி எனக்கு எண்ணை எழுது.

உன் அண்ணன் துரை நல்லவன்தான். நல்லவனாக இருப்பதற்கு முழங்கால் வலிக்க வேண்டாம், சோறு பொங்கத் தெரிய வேண்டாம். பிள்ளை வளர்க்க அது போதாது. எடை பதினைந்தரைக் கிலோவுக்குக் கீழே இறங்கினாலோ, அவன் ஏதாவது கூத்து அடித்தாலோ, நான் வந்து பிள்ளையை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அவனிடம் சொல்ல வேண்டாம். உன்னிடம்தான் சொல்கிறேன்.

"அப்பனை விட்டுட்டு அது இருக்குமா?" என்று உன் அம்மா கேட்டாள். நான் தண்ணீர் அளக்கப் போய்விட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


ஏப்ரல் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அங்கே இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்கு சனிக்கிழமைகளின் எண்கள்: 15.750, 16.050, 15.900, 16.200. மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கு. இப்போது சரியாகிவிட்டது.

தராசைக் கேட்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. மூன்றாவது நாள் கடைக்கார அக்காவே கேட்டுவிட்டார். "என்ன பொண்ணே, தராசையே பாத்துக்கிட்டு நிக்கிற? உன்னையும் எடைக்குப் போடணுமா? பழைய பேப்பர் வெலைதான் தருவேன்."

நான் சுண்டெலியைக் காட்டினேன்.

"இவளுக்கு இரும்பு வெல தரலாம். ஏத்து."

அப்படித்தான் எனக்கு அங்கே வேலையும் கிடைத்தது. காலையில் சுண்டெலியைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகிறேன். செய்தித்தாளைத் தனியாக, அட்டையைத் தனியாக, நோட்டுப் புத்தகத்தைத் தனியாகப் பிரித்துக் கட்ட வேண்டும். யாரோடும் பேச வேண்டியதில்லை. அக்கா எல்லாருக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறார்.

சுண்டெலிக்குத் தினமும் ஒரு முட்டை. வெள்ளையை அவள் சாப்பிடுகிறாள், மஞ்சளை எனக்குத் தந்துவிட்டு "அத்தைக்குச் சூரியன்" என்கிறாள். நான் கொஞ்சம் சதை போட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள், தைலப் புட்டிக்கு முழங்கால் கிடையாது.

உங்கள் மகள்

பின்குறிப்பு: அண்ணன் அச்சக வேலையை விட்டுவிட்டான். கையில் வந்ததைக் கொடுத்து ஒரு ராட்டினம் வாங்கியிருக்கிறான். குழந்தைகள் ஏறுவது. எட்டுக் குதிரை. ஒன்றுக்குத் தலை இல்லை.


மே 4
நீர்மட்டம் 58.9 அடி

அன்பு மகளுக்கு,

நலம். நலம் என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ராட்டினமா? குதிரைக்குத் தலை இல்லை என்பது சரி. வாங்கினவனுக்கு இருக்கிறதா? நீ அதைப் பின்குறிப்பில் எழுதினால் எனக்குக் கண் தெரியாது என்று நினைத்தாயா?

உன் அம்மா கேட்டது இவ்வளவுதான்: "குதிரை என்ன கலராம்?" இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான் கவலைப்படுவதற்கு இருக்கிறேன்.

எண்கள் நன்றாக இருக்கின்றன. ஏறி இறங்கி ஏறுகின்றன, பார்த்தாலே நம்பிக்கை வருகிறது. நீ இருப்பதால் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் இதோடு ஒரு கூத்து முடிந்தது. இன்னொன்று நடந்தால் நான் பஸ் ஏறிவிடுவேன், பிள்ளையோடுதான் திரும்புவேன்.

முட்டையின் மஞ்சளையும் அவளையே சாப்பிடச் சொல்.

அப்பா


மே 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமா? எண்கள்: 16.150, 16.300, 16.150, 16.200.

குதிரைகள் வெள்ளை. தலை இல்லாதது மட்டும் பழுப்பு. அம்மாவிடம் சொல்லுங்கள். அதில் ஏறத்தான் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள் என்கிறான் அண்ணன்.

பள்ளி திறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. மூன்று மணி நேரப் பயணத்தில் ஒரு ஊரில் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள். நேற்று அண்ணன் ராட்டினத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு அங்கே போயிருக்கிறான். பத்து நாளில் வந்துவிடுவான்.

இங்கே புழுதி அதிகம். ஜன்னலை மூடி வைத்திருக்கிறேன். அறை அமைதியாக இருக்கிறது. எழுத வேறொன்றும் இல்லை.

உங்கள் மகள்


ஜூன் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். கடையில் வேலை. எல்லாரும் நலம். எண்கள் நான்கு வாரத்துக்கும் சேர்த்து: 16.300, 16.400, 16.500, 16.600.

அம்மாவுக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


ஜூன் 26
நீர்மட்டம் 52.1 அடி

அம்மாடி,

நாங்கள் நலம். உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். படிக்க அதிகம் இல்லை, ஆனாலும் படித்தேன்.

உனக்கு ஒரு கதை சொல்கிறேன். இதை உன் அம்மாவைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. வேலையில் சேர்ந்த முதல் வருஷம், மூன்று நாள் நான் தூண் பக்கமே போகவில்லை. ஊருக்கு ஓடிப் போய்விட்டேன். திரும்பி வந்து அறையில் உட்கார்ந்து, விட்டுப்போன ஒன்பது கட்டத்தையும் நிரப்பினேன். ஒவ்வொன்றும் முந்தையதைவிட இரண்டு அங்குலம் அதிகம். மழைக்காலம், ஏறத்தானே செய்யும் என்று கணக்கு. மாதக் கடைசியில் இன்ஜினீயர் வந்தார். பேரேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். "இவ்வளவு ஒழுக்கமான தண்ணிய நான் பாத்ததே இல்லையேப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் காது சிவந்துவிட்டது.

வாரத்துக்குச் சரியாக நூறு கிராம். பிள்ளை அப்படி வளராது, அம்மாடி.

கடைசி இரண்டு கடிதத்திலும் கிறுக்கல் இல்லை. உன் அம்மா தபால்காரரிடம் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பள்ளி திறந்துவிட்டதா என்றும் நீ எழுதவில்லை.

எனக்குக் கோபம் இல்லை. எடையும் வேண்டாம். பிள்ளை எங்கே? அதை மட்டும் எழுது.

அப்பா

அந்த மூன்று நாள் எங்கே போனேன் என்று சொல்லவில்லையே. உன் அண்ணன் பிறந்த வாரம் அது. பார்க்காமல் இருக்க முடியவில்லை.


ஜூலை 3

அன்புள்ள அப்பாவுக்கு,

சுண்டெலி இதோ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நலமாக இருக்கிறாள். நீங்கள் பயந்திருப்பீர்கள். அம்மாவிடமும் உடனே சொல்லிவிடுங்கள்.

மே இருபத்துமூன்றாம் தேதி அண்ணன் அவளையும் லாரியில் கூட்டிக்கொண்டு போய்விட்டான். லீவுதானே என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை. லீவு முடிந்தது, பள்ளி திறந்தது, அவர்கள் வரவில்லை. "அடுத்த வாரம் வந்துடுவோம்" என்று ஒவ்வொரு வாரமும் அண்ணன் செய்தி அனுப்பினான். நானும் ஒவ்வொரு வாரமும் நூறு கிராம் ஏற்றினேன். உண்மையை எழுதினால் நீங்கள் வந்து அவளைக் கூட்டிப்போய்விடுவீர்கள். அவள் தூங்கும்போது அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள், அப்பா. பிடி தளர்ந்தால் அவனுக்கு விழிப்பு வந்துவிடும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று கடைக்கார அக்காவிடம் கொக்கித் தராசை இரவல் கேட்டேன். "எதுக்கு?" என்றார். "பிள்ளைய நிறுக்க" என்றேன். வேறு எதுவும் கேட்காமல் ஒரு சாக்கையும் சேர்த்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். போக வேண்டிய இடத்தைச் சீட்டில் எழுதி வைத்திருந்தேன். கண்டக்டரிடம் நீட்டினேன். "ஏம்மா, வாயத் தொறந்து கேட்டா முத்து உதிர்ந்துடுமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் இறங்க வேண்டிய இடத்தில் அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

பொருட்காட்சி மாலையில்தான் திறக்குமாம். மைதானம் காலியாகக் கிடந்தது. சுண்டெலி தலையில்லாத குதிரையின் மேல் உட்கார்ந்து டிக்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். "முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, முப்பத்திப்பத்து" என்றாள். கறுத்திருந்தாள். முன்பல் ஒன்று போயிருந்தது. சட்டையில் எண்ணெய்க் கறை. தலை மட்டும் வகிடெடுத்துப் படிய வாரியிருந்தது. அண்ணியின் சீப்பு கண்ணாடி முன்னால் இல்லாமல் போனது எதனால் என்று அப்போதுதான் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் இறங்கி, வட்டமாகச் சுற்றி ஓடி வந்தாள்.

அண்ணன் மோட்டாருக்கு அடியிலிருந்து எழுந்து வந்தான். "அடேயப்பா! ஊமைக்கோட்டான் தனியா பஸ் ஏறி வந்திருக்கு. இன்னிக்கு மழைதான்."

நான் பையிலிருந்து தராசை எடுத்தேன்.

"எதுக்கு இது? குதிரைய எடைக்குப் போடப் போறியா?"

"அப்பாவுக்கு எழுதணும்."

அவனே அதை ராட்டினத்தின் இரும்புக் கம்பியில் மாட்டினான். சாக்குக்குள் உட்கார வைத்துத் தூக்கினோம். இரண்டு நீலச் செருப்பும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "நான் எவ்ளோ? நான் எவ்ளோ?" என்று அவள் சிரித்துச் சிரித்து ஆடியதில் முள் நிற்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணச் சொன்னேன். நின்றது. சாக்கு இருநூறு கிராம், அதைக் கழித்துவிட்டேன். 16.050.

"பாத்தியா, நல்லாத்தானே இருக்கா. எழுது அப்பாவுக்கு" என்றான் அண்ணன்.

"ஸ்கூல் தொறந்து நாலு வாரம் ஆச்சு."

"ஒண்ணாங்கிளாஸ்ல போயி என்னத்தக் கிழிக்கப் போறா? இங்கயே நாப்பது வரைக்கும் எண்ணுறா."

"முப்பத்திப்பத்து வரைக்கும்" என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் எட்டாவதுல மூணு வாரம்தான் அண்ணா லீவு போட்டேன். காய்ச்சல். யாரும் என்னைய நிறுத்தல. திரும்பப் போனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களேன்னு ஒருநாள் போகல. மறுநாள் அதவிட வெக்கமா இருந்துச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் போகவே இல்ல. இவளுக்கு நாலு வாரம் ஆச்சு."

நான் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசி அவன் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அண்ணன் போய், நன்றாக இருக்கிற குதிரைகளையெல்லாம் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தான். பிறகு முதுகைக் காட்டியபடியே கேட்டான். "அவ இல்லாம நான் இங்க என்ன பண்ணுவேன்?"

"திங்கட்கிழமை பொருட்காட்சி லீவுன்னு வாசல்ல எழுதிப் போட்டிருக்கு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலைல வா."

அண்ணன் சுண்டெலியின் துணிகளை மடித்து என் பையில் வைத்தான். எல்லாவற்றுக்கும் மேலே சீப்பை வைத்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என் காலரைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். மூன்று மணி நேரமும் நான் அசையவில்லை.

எண் குறைந்திருக்கிறது. மறைக்கவில்லை. வந்து கூட்டிப்போவதாக இருந்தால் வாருங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் நான் கேட்டால் கேட்பீர்கள் என்றால், வேண்டாம் என்று கேட்கிறேன்.

உங்கள் மகள்

இது குதிரை. நிஜமாகவே தலை வரையவில்லை.


ஜூலை 10
நீர்மட்டம் 52.0 அடி

அன்பு மகளுக்கு,

நலம். குதிரை வந்தது. மீனுக்குப் பக்கத்தில் ஒட்டியாயிற்று.

16.050. அதுதான் எண். எனக்கு அது போதும்.

நீ எட்டாவதில் நின்றபோது "பிள்ளைக்குப் படிப்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். வந்து உன்னிடம் கேட்கவில்லை. தூண் பக்கம் போகாமலே நான் எழுதிய எண் அதுவும் ஒன்று. மூன்று நாளுக்குக் காது சிவந்தவன் இதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன்.

நான் வரவில்லை. பிள்ளை உன்னிடம் இருக்கட்டும். துரை திங்கட்கிழமை வந்தானா என்று எழுது. வந்தால் வந்தான் என்று எழுது, வராவிட்டால் வரவில்லை என்று எழுது. அவனுக்காக நூறு கிராம் ஏற்ற வேண்டாம்.

ராட்டினத்தில் பெரியவர்கள் ஏறினால் தாங்குமா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். முழங்காலுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். எதற்கு என்று எனக்குச் சொல்லவில்லை.

அப்பா


ஆகஸ்ட் 1

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? பெரியவர்கள் ஏறலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்கிறான் அண்ணன்.

நான்கு திங்கட்கிழமையில் மூன்று தடவை வந்தான். வராத திங்கட்கிழமை சுண்டெலி மாலை வரை ஜன்னலில் நின்றாள். அடுத்த வாரம் வந்தபோது அவனோடு பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அவன் ஒரு மணி நேரம் அந்தச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தான். போகும்போது பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு வாங்கிப் போனான். ஊறவைத்து அரைத்துக் குதிரைக்குத் தலை செய்யப் போகிறானாம். "அதுக்காவது ஒரு தல வருதே" என்றார் கடைக்கார அக்கா.

பள்ளியில் முதல் நாள் நானும் வகுப்பு வாசல் வரை போனேன். டீச்சர் "நீ யாரும்மா, அக்காவா?" என்று கேட்டார். "அத்தை" என்றேன். குரல் வந்தது. "இவ்வளவு நாள் எங்க போயிருந்தா?" என்றதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் சுண்டெலி முந்திக்கொண்டாள். "குதிரை ஓட்டிட்டு இருந்தேன்." வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அப்பா, அவள் எல்லாருக்கும் கை ஆட்டினாள். நான் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

கடைக்கு எட்டாம் வகுப்புப் புத்தகம் எது வந்தாலும் அக்கா கட்டில் சேர்க்காமல் என் பக்கமாகத் தள்ளிவிடுகிறார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. மேல் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

நேற்று முன்தினம் அண்ணன் வந்தபோது புதுச் செருப்பு வாங்கி வந்தான். சிவப்பு. இரண்டும் வலது. இந்தத் தடவை தெரிந்தே தேடி வாங்கினானாம். இப்போது அவள் இடது காலில் நீலம், வலது காலில் சிவப்பு போட்டுக்கொண்டு நேராக ஓடுகிறாள். மீதி இரண்டையும் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும்போது இந்த வாரம் எடை பார்க்கவில்லை என்று ஞாபகம் வந்தது. இப்போதுதான் கீழே கூட்டிப்போய் ஏற்றினேன். 16.500. எனக்கே சந்தேகமாக இருந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னேன். சட்டைப் பையில் இருந்த கூழாங்கற்களையும் வாங்கி வைத்துக்கொண்டு மறுபடி ஏற்றினேன். 16.250.